அலசாமல் விடும் கிருமிநாசினி: மாவுக் கடைக்கு ஏற்றது எது, அளவு என்ன?

பலசரக்குக் கடைகளில் அரைத்த இட்லி மாவு விற்பது நம் பகுதியில் தனி வியாபாரமாகவே வளர்ந்துவிட்டது. கணவன், மனைவி இருவரும் பனியன் கம்பெனிக்குப் போகும் வீட்டில் ஊறப்போட்டு அரைக்க யாருக்கும் நேரம் இல்லை. வேலை விட்டு வரும் வழியில் ஒரு பாக்கெட் மாவு வாங்கினால் இரவுத் தோசையும் காலை இட்லியும் முடிந்தது. இதை நம்பிக் கிரைண்டர் போட்டிருக்கும் கடைகள் குன்னத்தூரிலும் சுற்று வட்டாரத்திலும் ஏராளம்.

இந்த வியாபாரத்தில் அரிசி, உளுந்தின் தரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். பாத்திரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. காலையில் வாங்கிய மாவு மாலைக்குள் புளித்துப் பாக்கெட் உப்பிவிட்டது என்று வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்தால், பழியை வெயிலின் மேல் போடுகிறோம். வெயிலுக்கும் பங்கு உண்டு. ஆனால் பல நேரங்களில் குற்றவாளி கிரைண்டர் கல்லின் இடுக்கில் ஒட்டியிருந்த முந்தைய நாள் மாவுதான்.

எங்கள் மொத்தக் கடைக்குச் சரக்கு எடுக்க வரும் சில்லறை வியாபாரிகள் அண்மைக் காலமாக ஒரு கேள்வி கேட்கிறார்கள்: “பாத்திரத்துல ஊத்தி வடிச்சா போதும், அலச வேண்டாம்னு ஒரு மருந்து விக்கிறாங்களே, அதை வாங்கலாமுங்களா?” நம் தொழிலுக்குத் தேவையான கேள்வி என்பதால் அதற்குரிய பதிலை இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு

முதலில் இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்த வேண்டும். கழுவுவது என்பது கண்ணுக்குத் தெரியும் மாவு, எண்ணெய், பிசுக்கு ஆகியவற்றை நீக்குவது. கிருமி நீக்குவது என்பது கழுவிய பிறகும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களைக் கொல்வது. முதல் வேலையைச் செய்யாமல் இரண்டாவதைச் செய்ய முடியாது. மாவு ஒட்டிய பாத்திரத்தில் எந்த மருந்தை ஊற்றினாலும் மருந்தின் வலிமையை அந்த மாவே தின்றுவிடும். அடியில் இருக்கும் கிருமிக்கு ஒன்றும் ஆகாது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இட்லி மாவு பொங்குவதே நுண்ணுயிர்களால்தான். அவை உளுந்தோடும் அரிசியோடும் தாமாகவே வருகின்றன. அவற்றை ஒழிப்பது நம் நோக்கம் அல்ல; ஒழித்தால் இட்லி கல்லாகிவிடும். முந்தைய நாளின் புளித்துப்போன மிச்சம் இன்றைய புது மாவில் சேராமல் பார்ப்பதும், கையாலும் தண்ணீராலும் வரும் நோய்க் கிருமிகளைத் தடுப்பதும்தான் நமக்கு வேண்டியவை.

அலசாமல் விடுவது ஏன்?

கிருமி நீக்கிய பாத்திரத்தை மறுபடி தண்ணீர் விட்டு அலசினால் என்ன ஆகும்? அந்தத் தண்ணீர் சுத்தமாக இருந்தால் கெடுதல் இல்லை. நம் கடைகளில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நாலு நாளைக்கு முன் நிரப்பிய தொட்டியிலிருந்து, அல்லது லாரித் தண்ணீர் ஊற்றிய டிரம்மிலிருந்து. அந்தத் தண்ணீரால் அலசினால், துரத்திய கிருமியை நாமே மறுபடி அழைத்து வந்து உட்கார வைத்ததாகும். அதனால்தான் கடைசியாகப் படுவது மருந்துத் தண்ணீராகவே இருக்கட்டும், அதை வடித்துக் காயவிட்டால் போதும் என்ற முறை வந்தது.

இது நமக்குப் புதியதும் அல்ல. பதநீர் இறக்குகிறவர்கள் பானையின் உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் மரத்தில் கட்டுகிறார்கள். அந்தச் சுண்ணாம்பை யாரும் அலசி எடுப்பதில்லை. அது பாளையிலிருந்து வடியும் சாறு புளிக்காமல் காக்கிறது. சுண்ணாம்பு இல்லாத பானையில் அதே சாறு கள்ளாகிவிடும். குறைவாகத் தடவினால் புளிக்கும். கூடுதலாகத் தடவினால் நாக்கு பொத்துப்போகும், காய்ச்சும் வெல்லமும் கருக்கும். ஆக, அலசாமல் விடும் மருந்துக்கு அளவே உயிர் என்பதை நம் பனையேறிகள் எப்போதோ அறிந்து வைத்திருக்கிறார்கள். தமிழக அரசு 2017இல் தென்னையிலிருந்து நீரா இறக்க அனுமதி கொடுத்தபோது, சுண்ணாம்புக்குப் பதிலாகப் பனிக்கட்டி வைத்த பெட்டியில் சாற்றைக் குளிரவைத்து எடுக்கும் முறையும் புழக்கத்துக்கு வந்தது. குளிர்ச்சியும் நல்ல காவல்தான்.

வெளிநாட்டில் இந்த முறையைப் பெரிதும் கையாளுகிறவர்கள் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்கள். அமெரிக்காவில் 1978இல் நிறைவேறிய சட்டம் சொந்த உபயோகத்துக்கு அதை அனுமதித்தது. நம் மாநிலத்தில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். அந்தச் சரக்கு நமக்கு வேண்டாம். ஆனால் புளிக்க வைக்கும் பொருளுக்குப் பாத்திரத்தை எப்படித் தயார் செய்வது என்பதில் அவர்கள் கற்ற பாடம் மாவுக் கடைக்கும் பொருந்தும். கழுவு, மருந்தை அளந்து கல, நேரம் கொடு, வடியவிடு, அலசாதே. ஐந்தே சொற்களில் பாடம் முடிந்தது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

கடைத்தெருவில் பல பெயர்களில் பல டப்பாக்கள் கிடைத்தாலும், உள்ளே இருப்பவை சில வகைகளே.

1. கொதிநீர். இதுவே முதல் மருந்து. வாசனை இல்லை, மிச்சம் இல்லை, அளவுக் கணக்கு இல்லை. கழுவிய பாத்திரத்தை 77 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் அரை நிமிடம் முழுக வைத்தால் போதும் என்பது அமெரிக்க உணவு விதியின் கணக்கு. கரண்டி, மூடி, சிறு பாத்திரங்கள், எவர்சில்வர் தூக்குகள் ஆகியவற்றுக்கு இதைவிட வேறு வேண்டாம். கிரைண்டர் கல்லில் மட்டும் கொதிநீரை ஊற்ற வேண்டாம். திடீர்ச் சூட்டில் கல்லை ஒட்டிய இடம் விட்டுப்போக வாய்ப்பு உண்டு. பிளாஸ்டிக் டப்பாவும் நெளிந்துவிடும்.

2. குளோரின் வகை. பிளீச்சிங் பவுடரும், ஹைப்போ என்று நாம் சொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவமும் இதில் அடங்கும். விலை மலிவு, எங்கும் கிடைக்கும், எல்லா வகைக் கிருமிகளையும் தாக்கும். குறைகளும் உண்டு. வெயிலிலும் சூட்டிலும் வலிமை குறைந்துகொண்டே போகும். அலுமினியத்தைக் கறுக்கச் செய்து அரிக்கும். எவர்சில்வரிலும் மணிக்கணக்கில் ஊறவிட்டால் புள்ளி புள்ளியாகக் குழி விழும்.

3. அயோடின் வகை. பால் பண்ணைகளில் பழக்கமான மருந்து. சரியான அளவில் வெளிர் பழுப்பாக இருக்கும். நிறம் போய்விட்டால் வலிமையும் போய்விட்டது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். இது பெரிய வசதி. பிளாஸ்டிக்கில் கறை பிடிக்கும் என்பது குறை.

4. குவாட் வகை. பென்சல்கோனியம் குளோரைடு என்று லேபிளில் எழுதியிருக்கும். வாசனை இல்லை, உலோகத்தை அரிக்காது. ஆனால் சோப்புக்கும் இதற்கும் ஆகாது. சோப்பு நுரை மிச்சம் இருந்தால் மருந்து செயல் இழந்துவிடும். கடினத் தண்ணீரிலும் பல தயாரிப்புகள் வலிமை குன்றும். நம் பகுதி ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

5. அமில வகை. பெராசிட்டிக் அமிலம் பால் பதனிடும் ஆலைகளிலும் குளிர்பான ஆலைகளிலும் பயன்படுகிறது. வேலை முடிந்ததும் காடி, தண்ணீர், ஆக்சிஜன் என்று பிரிந்துவிடும். நல்ல மருந்துதான், ஆனால் கலக்காத நிலையில் கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். பயிற்சி பெற்ற ஆள் இல்லாத சிறு கடைக்கு இது ஏற்றதல்ல. மேல்நாட்டில் வீட்டுப் பீர்க்காரர்கள் வாங்கும் நுரைக்கிற மருந்து பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்தது. அதுவும் இந்த வகையே.

6. சாராய வகை. கை துடைக்கும் சானிடைசர். இதைக் கைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அடுப்புப் பக்கத்தில் வைத்தால் தீப்பிடிக்கும்.

ஒரு கிரைண்டர், இரண்டு கிரைண்டர் வைத்திருக்கும் கடைக்கு எங்கள் யோசனை இதுதான்: சிறு சாமான்களுக்குக் கொதிநீர், கிரைண்டருக்கும் பெரிய டப்பாக்களுக்கும் அளந்து கலந்த குளோரின் தண்ணீர். மற்றவற்றைத் தேடிப் போகத் தேவையில்லை.

அளவுக் கணக்கு

“கொஞ்சம் காட்டமா ஊத்துனாத்தானுங்க சாகும்” என்று சொல்லாத கடைக்காரர் குறைவு. இதுதான் பெரிய தவறு. அலச வேண்டாம் என்பது மருந்துக்குக் கொடுத்த சலுகை அல்ல, அளவுக்குக் கொடுத்த சலுகை. அளவு மீறினால் சலுகையும் போயிற்று.

உணவுப் பாத்திரத்தில் அலசாமல் விடக்கூடிய குளோரின் தண்ணீருக்கு அமெரிக்க விதி வைத்திருக்கும் மேல் வரம்பு 200 பிபிஎம். அதாவது ஒரு லிட்டர் தண்ணீரில் 200 மில்லிகிராம் குளோரின். அயோடினுக்கு வரம்பு 25 பிபிஎம் மட்டுமே. நன்றாகக் கழுவிய பாத்திரத்துக்குக் குளோரின் 100 பிபிஎம் போதும். நம் கடைக்கு இதையே அளவாக வைத்துக்கொள்வோம்.

10 லிட்டர் வாளித் தண்ணீருக்கு 100 பிபிஎம் கிடைக்க:

4 சதவீத ஹைப்போ என்றால் 25 மி.லி.
10 சதவீத ஹைப்போ என்றால் 10 மி.லி.
30 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் சுமார் 3 கிராம்.

வேறு சதவீதமாக இருந்தால் கணக்கு எளிது. வேண்டிய பிபிஎம்மைத் தண்ணீர் லிட்டரால் பெருக்கி, மருந்தின் சதவீதத்தைப் பத்தால் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால், எத்தனை மி.லி. அல்லது கிராம் என்று வந்துவிடும். அளப்பதற்கு இருமல் மருந்தோடு வரும் கோடு போட்ட மூடியே போதும். இந்த வேலைக்கு எடுத்த மூடியை மறுபடி வீட்டு மருந்துக்கு எடுக்கக் கூடாது.

இப்போது மிச்சக் கணக்கைப் பாருங்கள். வடித்த பாத்திரத்தில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. தண்ணீர் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 பிபிஎம் தண்ணீர் என்றால் அதில் உள்ள குளோரின் அரை மில்லிகிராம். 10 கிலோ மாவு அதில் விழுந்தால் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். குழாயில் வரும் குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதில் கால் பங்குதான் இது. பயப்பட ஒன்றும் இல்லை.

2020இல் கொரோனா காலத்தில் தரைக்கும் கைப்பிடிகளுக்கும் 1 சதவீத ஹைப்போ கரைசல் அடித்தோம். அந்தப் பழக்கம் பல கடைகளில் இன்றும் பாத்திரம் வரை வந்து நிற்கிறது. 1 சதவீதம் என்பது 10,000 பிபிஎம். நாம் மேலே சொன்ன அளவுக்கு 100 மடங்கு. அதே ஒரு தேக்கரண்டி மிச்சத்தில் 50 மில்லிகிராம் வந்துவிடும். மாவில் மருந்து வாடை அடிக்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னால் ஆச்சரியம் என்ன? தரைக்கு உரியது தரைக்கு. பாத்திரத்துக்கு உரியது பாத்திரத்துக்கு.

சாயப்பட்டறைச் சரக்கு வேண்டாம்

நம் பகுதிக்கே உரிய ஓர் ஆபத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சலவைப் பட்டறைக்கும் சாயப்பட்டறைக்கும் வரும் ஹைப்போ, 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, காஸ்டிக் சோடா, அசிட்டிக் அமிலம் எல்லாம் திருப்பூர் வட்டாரத்தில் கேனில் சுலபமாகக் கிடைக்கும். விலையும் குறைவு. “அதுவும் ஹைப்போ, இதுவும் ஹைப்போதானே” என்று சிலர் அதையே வாங்கிக் கடையில் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டும் ஒன்றல்ல. பட்டறைச் சரக்கு துணியை வெளுக்கச் செய்தது. அதில் என்னென்ன கலந்திருக்கிறது, உணவுப் பாத்திரத்தில் படலாமா என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. கேனில் சதவீதம் எழுதியிருக்காது; எழுதியிருந்தாலும் எத்தனை மாதம் வெயிலில் கிடந்தது என்று தெரியாது. சதவீதம் தெரியாத மருந்துக்கு மேலே சொன்ன கணக்கைப் போடவே முடியாது. 50 சதவீதப் பெராக்சைடு கையில் பட்ட இடம் வெளுத்து எரியும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. உணவுப் பாத்திரத்துக்கோ குடிநீருக்கோ ஏற்றது என்று லேபிளில் தெளிவாகச் சொல்லும் சரக்கை, சதவீதமும் தயாரித்த மாதமும் பார்த்து வாங்குவதே முறை.

வேலை செய்யும் ஒழுங்கு

கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதன் பெயருக்குக் காரணம் கல். அந்தக் கல்லுக்குப் பெயர் போன இடம் நம் ஊத்துக்குளி. கல் எவ்வளவு நல்லதானாலும் அதன் கொத்திலும் நடுத்தண்டைச் சுற்றிலும் மாவு தங்கும். ஆகவே ஒழுங்கு இப்படி இருக்கட்டும்.

இரவில் கடைசி ஈடு அரைத்தவுடன், மாவு காய்வதற்குள் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று முறை ஓடவிட்டு வடிக்கவும். குழவிக் கற்களைக் கழற்றி, கொத்துகளையும் நடுத்தண்டையும் வழிப்பலகையையும் தூரிகையால் தேய்க்கவும். சோப்பு போட்டிருந்தால் வழவழப்புப் போகும் வரை அலசவும். எல்லாவற்றையும் தனித்தனியே வைத்து உலர விடவும். ஈரத்தோடு மூடி வைத்த பாத்திரத்தில் விடிவதற்குள் கிருமி பெருகிவிடும்.

காலையில் அரைக்கத் தொடங்குவதற்கு முன்தான் மருந்துத் தண்ணீர். பிளாஸ்டிக் வாளியில் அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் என்றால் முதலில் சிறிது தண்ணீரில் குழைத்து, வாளியில் கலந்து, அரை மணி நேரம் தெளியவிட்டு மேல் தண்ணீரை மட்டும் எடுக்கவும். அடியில் படிவது சுண்ணாம்பு. அந்தத் தண்ணீர் எல்லா இடத்திலும் படும்படி கிரைண்டரில் இரண்டு நிமிடம் ஓடவிட்டு வடிக்கவும். டப்பாக்களைக் கவிழ்த்து வைக்கவும். துணியால் துடைக்க வேண்டாம். அந்தத் துணியில் இல்லாத கிருமி இல்லை. மருந்துத் தண்ணீர் கலங்கிவிட்டால் கொட்டிவிட்டு வேறு கலக்கவும். வலிமையைச் சோதிக்கக் குளோரின் காகிதம் ஆய்வுக்கூடச் சாமான் கடைகளில் கிடைக்கிறது.

கடினத் தண்ணீரால் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு ஏறியிருந்தால், அதற்குள்ளும் கிருமி ஒளிந்துகொள்ளும். காடியோ எலுமிச்சை உப்போ கொண்டு வாரம் ஒரு முறை நீக்கலாம். அந்த வேலையைத் தனியாகச் செய்து, நிறையத் தண்ணீரில் அலசிய பிறகே குளோரின் பக்கம் வர வேண்டும். குளோரினோடு எந்த அமிலம் கலந்தாலும் விஷவாயு கிளம்பும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே வாளியில் சேர்ந்தால் அந்த அறையில் நிற்க முடியாது. வேலையாட்களுக்கு வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லி வையுங்கள்.

மருந்து போட்டாயிற்று என்று குளிர்பெட்டியை மறந்துவிடக் கூடாது. அரிசியோடு வரும் சில கிருமிகள் வித்து வடிவில் இருக்கும், கொதிநீருக்கும் தப்பிவிடும். அவற்றைப் பெருகாமல் வைப்பது குளிர்ச்சி மட்டுமே.

விற்பவருக்கும் சில வார்த்தைகள்

நம்மில் பலர் இந்த மருந்துகளை விற்கவும் செய்கிறோம். பிளீச்சிங் பவுடர் மூட்டையை அரிசி, பருப்பு, எண்ணெய் பக்கத்தில் அடுக்கக் கூடாது. பழைய இருப்பு முதலில் போகட்டும். பிரித்த மூட்டையைக் காற்றுப் புகாமல் கட்டி நிழலில் வைக்கவும். ஹைப்போவையோ ஆசிட்டையோ குளிர்பான பாட்டிலில் ஊற்றி ஒருபோதும் விற்க வேண்டாம். தாகத்தோடு வரும் குழந்தைக்கு அது குளிர்பானமாகத்தான் தெரியும்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிகளின் நான்காம் அட்டவணை, சுத்தம் செய்யும் மருந்துகளை உணவுப் பொருளிலிருந்து பிரித்து, பெயர் எழுதிய கலத்தில் வைக்க வேண்டும் என்கிறது. சுகாதாரமற்ற முறையில் உணவு தயாரித்தால் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

அபராதத்துக்குப் பயந்து செய்வது ஒரு பக்கம் இருக்கட்டும். மாவு பாக்கெட் வாங்குகிறவர் அரைத்த இடத்தைப் பார்ப்பதில்லை, நம் முகத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார். அந்த மாவு நாளைக் காலை அவர் பிள்ளையின் தட்டில் இட்லியாக விழப்போகிறது. ஒரு வாளி, ஒரு தூரிகை, கோடு போட்ட ஒரு மூடி, அளவு எழுதிய ஓர் அட்டை. இந்த நான்கையும் கிரைண்டர் பக்கத்தில் இந்த வாரமே வைத்துவிடுங்கள். அட்டையில் எழுத வேண்டியதும் ஒரே வரிதான்: 10 லிட்டர் தண்ணீர், 4 சதவீத மருந்து 25 மி.லி., இரண்டு நிமிடம், வடிக்கவும்.